மத்தியானக் கள்ளன்

ஆற்றுக்கு இந்தக் கரையில் தென்மடை. அந்தக் கரையில் எந்த ஊரோ, அது நமக்கு வேண்டாம்.

தென்மடைக் கோயில் நந்தவனத்தில் ஓர் அம்மை இருந்தாள். வந்து ஏழு வருஷம். எங்கிருந்து வந்தாள் என்று கேட்டவர்களுக்கு ஒரு கை பூதான் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் மதிக்க முடியாது. சாமிக்குப் பூக் கட்டுவாள். யாராவது வந்து எதையாவது கேட்டால் பேசுவாள். கேட்காவிட்டால் பூக் கட்டுவாள். ஊரார் அவளை நந்தவனத்தம்மை என்றார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு சீடர். சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று.

திருமலைக்கொழுந்துப் புலவர் என்பது அவர் பெயர். நாக்கு நோகாமல் கொழுந்துப் புலவர் என்பார்கள். மூன்று கோயிலுக்குப் புராணம் பாடியவர். முதல் முறை நந்தவனத்துக்கு வந்தபோது தம்முடைய பாட்டில் இருநூறை நின்ற நிலையில் சொல்லி முடித்தார். அம்மை முழுவதையும் கேட்டாள்.

“இதில் எந்தப் பாட்டு உமக்கே தெரியாமல் வந்தது?” என்றாள்.

புலவருக்குப் பதில் தெரியவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். அப்படிச் சீடரானார்.

இந்தக் கதை நடந்தபோது புலவர் ஒரு வரி எழுதி நாற்பது நாள் ஆகியிருந்தது.

அவருடைய எழுத்தாணி தொலைந்துபோயிருந்தது. அவருடைய ஆசிரியர் கொடுத்த எழுத்தாணி. சாண் நீளம், இரும்பு, பிடியில் ஒரு கிளிமூக்கு. அது கையில் இருந்தால் பாட்டு வரும். குளத்தில் கால் கழுவும்போது மடியிலிருந்து நழுவியிருக்க வேண்டும் என்று ஆளை இறக்கித் தேடச் சொன்னார். மூழ்கியவர்கள் இரண்டு செம்பும் ஒரு கொலுசும் எடுத்து வந்தார்கள். கொல்லரிடம் சொல்லி வேறு எழுத்தாணி செய்து பார்த்தார். கை அதைப் பிடித்தது. ஓலையும் கீறியது. பாட்டுதான் வரவில்லை.

வராவிட்டால் போகட்டும் என்று விடுகிற நேரமும் இல்லை அது. அவருடைய ஒரே மகள் வடிவுக்குக் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஊஞ்சலில் உட்காரும்போது பெண் வீட்டார் பாட்டு எடுக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கென்றே கட்டிய பாட்டாக இருக்க வேண்டும். பாட்டு எடுக்காமல் ஊஞ்சலை ஆட்ட மாட்டார்கள். வடிவுக்குத் தாய் இல்லை. பாட்டு அப்பாவின் பொறுப்பு.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. புலவர் வழக்கம்போல் நந்தவனத்துக்கு வந்தார். புதிதாக நட்ட சங்குப்பூக் கொடியின் அடியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். சீடராக அவருக்கு அவள் கொடுத்திருந்த வேலை அது ஒன்றுதான். பிறகு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

“தாயே, படைக்கிற சக்தி ஏன் ஆயிரத்தில் ஒருவனுக்கு மட்டும் வாய்க்கிறது?”

அம்மை அரளியை நாரில் வைத்து முடிந்தாள்.

“மற்றவர்கள்?”

“பொங்கித் தின்கிறார்கள். உறங்குகிறார்கள். பாவம், நம்மிடம் அது இல்லையே என்ற வருத்தம்கூட அவர்களுக்கு இல்லை.”

“அந்த ஆயிரத்தில் ஒருவர் நீர்.”

“இருந்தேன். நாளை மறுநாள் என் மகள் பலகையில் ஏறி உட்காருவாள். ஊரே என் வாயைப் பார்க்கும். எனக்கு வந்துகொண்டிருந்தது ஏன் நின்றது? அதைச் சொல்லுங்கள்.”

“புலவரே, நீர் எதையாவது திருடியிருக்கிறீரா?”

புலவர் காதில் விழுந்தது சரிதானா என்று பார்த்தார்.

“என்ன கேட்டீர்கள்?”

“திருட்டு. பிறத்தியார் பொருளை அவர்களுக்குத் தெரியாமல் எடுப்பது.”

“சிவ சிவா! அடுத்தவன் பாட்டில் ஒரு சொல்லை எடுத்ததில்லை நான்.”

“நல்லது. இன்றைக்கு எடும்.”

“தாயே!”

“உம் தெருவில் ஐந்து வீட்டுக்குப் போம். வீட்டுக்கு ஒரு பொருள். எதை எடுத்தால் அந்த வீட்டில் வேலை நின்றுபோகும் என்று உமக்குத் தோன்றுகிறதோ, அதை எடும். இங்கே கொண்டுவந்து போடும். நாளைக் காலையில் போய் அந்த ஐந்து வீட்டையும் பார்த்துவிட்டு வாரும்.”

“என் மகளுக்குக் கல்யாணம். பிடிபட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பேன்?”

“பிடிபடாமல் எடும்.”

“வேறு வழி இல்லையா?”

அம்மை அடுத்த அரளியை எடுத்தாள். அவளிடம் அதற்கு மேல் கேட்டுப் பயன் இல்லை என்று புலவருக்குத் தெரியும்.

உச்சி வெயிலில் தெரு ஒடுங்கிக் கிடந்தது. ஆண்கள் வயலில். பெண்கள் அடுப்படியில் அல்லது தொழுவத்தில். புலவர் சத்தம் கேட்கக் கூடாது என்று செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மணல் சுட்டது. நுனிக்காலில் நடந்தார்.

முதலில் மோர் விற்கிற ராக்கு வீடு. கைக்குழந்தை தொட்டிலில் தூங்கியது. மத்து சுவரில் சாய்ந்திருந்தது. மத்து இல்லாமல் மோர்க்காரி என்ன செய்வாள்? எடுத்து மடியில் செருகினார்.

கிணற்றடி வீட்டு உலகம்மாளின் கிணற்றுக் கயிறு. சுருட்டித் துண்டுக்குள் வைத்தார்.

பட்டமுத்து ஆசாரி தம் பட்டறையில், செதுக்கிய பலகை மேலேயே படுத்துக் குறட்டை விட்டார். வடிவின் கல்யாணத்துக்கென்று செய்கிற ஊஞ்சல் பலகை அது. பக்கத்தில் முழக்கோல். அந்த அளவுகோலை எடுத்தால் தம் மகளின் பலகையே நின்றுபோகும். புலவர் ஒரு கணம் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

வேப்பமரத்தடியில் மந்திரமூர்த்திக் கிழவர் தூங்கினார். கண் மங்கலானவர். ஊன்றுகோல் மார்பின் மேல் கிடந்தது. குழந்தை கையிலிருந்து பண்டத்தைப் பிடுங்குவதுபோல் இருந்தது புலவருக்கு. உருவினார். கிழவர் புரண்டு படுத்தார்.

கடைசியாக ஆவுடை வீடு. ஆவுடையும் அவள் நாத்தனார் மாடத்தியும் கல்யாணத்துக்கு நெல் குத்திக்கொண்டிருந்தவர்கள், தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தார்கள். உரல் வாயைச் சுற்றிப் பிரம்பு வளையம் ஒன்று வைத்திருந்தது. குந்தாணி என்பார்கள். அது இல்லாமல் குத்தினால் நெல் வெளியே தெறிக்கும். புலவர் அதைத் தூக்கினார். உமி பறந்து மூக்கில் ஏறியது. தும்மினார்.

அந்தத் தும்மல் தெருக்கோடி வரை போயிருக்கும். யாரும் வரவில்லை. புலவர் ஓடினார். ஐம்பத்து மூன்று வயதில் அவர் அப்படி ஓடி ஊர் பார்த்ததில்லை.

நந்தவனத்துக்கு வந்து ஐந்தையும் அம்மையின் குடிசை மூலையில் போட்டார்.

“கிழவருடைய கோலை எடுத்துவிட்டேன், தாயே. அவர் நடக்க முடியாமல் விழுந்தால்?”

“நாளைக் காலையில் பாரும்” என்றாள் அம்மை.

சாயங்காலம் வடிவு அப்பாவுக்குச் சோறு போட்டாள். அவர் பிசைந்தபடியே இருந்தார்.

“பாட்டு வந்துட்டாப்பா?”

“எழுத்தாணி இல்லையே அம்மா.”

“வாயால ஒரு வரி சொல்லுங்களேன். நான் கேட்டுக்கிடுதேன்.”

“ஓலையில் ஏறாதது பாட்டாகுமா?”

“அம்மா இருந்திருந்தா ஓலையும் கேட்டிருக்க மாட்டா, ஆணியும் கேட்டிருக்க மாட்டா. கன்னாபின்னான்னு எதையாவது பாடியிருப்பா.”

“உங்கம்மா பாடியதெல்லாம் பாட்டா?”

வடிவு ரசத்தைக் கலக்கி ஊற்றினாள்.

“ஒன்பது வயசுல பொம்மைக் கல்யாணத்துக்கு ஒரு பாட்டு கேட்டேன். பெரிய கல்யாணத்துக்குப் பாடுதேன்னு சொன்னீங்க. அப்ப எழுத்தாணி இருந்துச்சுல்லா?”

ரசம் இலையை விட்டு ஓடியது.

விடிந்ததும் புலவர் தெருவுக்குப் போனார். அழுகையும் கூப்பாடுமாக இருக்கும், காலில் விழுந்து ஒப்புக்கொண்டுவிடலாம் என்று நினைத்துத்தான் போனார்.

ராக்கு வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அவளை அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்து புலவர் பார்த்ததே இல்லை.

“என்னம்மா, இன்றைக்கு மோர் கடையவில்லையா?”

“கடையுதேனே அண்ணாச்சி. எட்டிப் பாருங்க.”

உள்ளே தொட்டில் ஆடியது. குழந்தையின் கால்மாட்டில், தொட்டில் கயிற்றில், வாய் கட்டிய தயிர்க் குடுவை ஒன்று தொங்கியது. தொட்டில் போகும்போது குடுவையும் போயிற்று. வரும்போது வந்தது. தொட்டிலிலிருந்து ஒரு கயிறு வாசல் வரை நீண்டு ராக்குவின் கால் கட்டைவிரலில் முடிந்திருந்தது. அவள் விரலை அசைத்தாள். உள்ளே தளும்பும் சத்தம் கேட்டது.

“மத்தை எலி இழுத்துட்டுப் போச்சோ என்னமோ. பிள்ளை வேற காலையிலேயே அழுகை. ரெண்டு கை எனக்கு. என்ன செய்ய? பிள்ளையும் தூங்கிட்டான், வெண்ணெயும் வந்துட்டு. வெத்திலை போட நேரமும் கிடைச்சிருக்கு.”

“இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?”

“இதுக்கு ஒருத்தரு சொல்லித் தரணுமாக்கும்?”

புலவர் அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

கிணற்றடியில் உலகம்மாள் நீர் இறைத்துக்கொண்டிருந்தாள். கிணற்றுக்குள் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஏதோ இறங்கிற்று. பழைய சேலைகளைக் கிழித்து மூன்று புரியாகப் பின்னியிருந்தாள். தலைப் பின்னல் போலவே இருந்தது.

“கயித்தைக் காணோம் அண்ணாச்சி. போனதும் நல்லதுக்குத்தான். கையைப் பாருங்க, இன்னைக்கு எரியவே இல்லை.” ஈரப் பின்னலைத் தூக்கிக் காட்டினாள். “இந்தச் சிவப்பு என் கூறைச் சேலை. இருபது வருஷமாப் பெட்டிக்குள்ள கிடந்து யாருக்குப் பிரயோசனம்? இப்ப தினம் பாக்கலாம்.”

“எடுத்தவன் கிடைத்தால் என்ன செய்வாய்?”

உலகம்மாள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“வெயில்ல அலையாதேயும்னு சொல்லுவேன்.”

புலவர் விறுவிறுவென்று பட்டறைப் பக்கம் நடந்தார்.

ஆசாரியின் பட்டறையில் பலகை முடிந்து எண்ணெய் பூசிக் காயவைத்திருந்தது. புலவர் திகைத்து நின்றார்.

“முழக்கோல் இல்லாமல் எப்படி…” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பட்டமுத்து ஆசாரி கேட்காததுபோல் பலகையைத் தடவினார்.

“கோல் இல்லைன்னா ஆளை வச்சு அளக்க வேண்டியதுதான், புலவரே. வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். பலகையில உக்காருன்னேன். நானும் பக்கத்துல உக்காந்தேன். ‘இடிக்குதா?’ன்னேன். ‘இடிக்குது, ஆனா இருக்கட்டும்’னா.” ஆசாரி சிரித்தார். காது சிவந்தது. “இருபத்திரண்டு வருஷமா ஊருக்கெல்லாம் ஊஞ்சல் பலகை செய்யுதேன். ரெண்டு பேரு உக்காந்து பாத்துச் செஞ்சது இது ஒண்ணுதான். கொஞ்சம் ஒடுக்கமா இருக்கும். புது மாப்பிள்ளை சங்கடப்பட மாட்டாரு.”

“அளவு சாஸ்திரப்படி வரவில்லையே.”

“வடிவு வந்து உக்காந்து பாத்துட்டா. ‘சரியா இருக்கு மாமா’ன்னு சொல்லிட்டா. அதுக்கு மேல என்ன சாஸ்திரம்?” ஆசாரி உளியைத் துடைத்தார். “அதுசரி, பாட்டு ஆச்சா?”

புலவர் வெளியே வந்துவிட்டார்.

மந்திரமூர்த்திக் கிழவர் விழுந்து கிடப்பார் என்று பயந்துகொண்டே போனார். வேப்பமரத்தடி காலியாக இருந்தது. அப்போது தெருவின் அந்தக் கோடியிலிருந்து கிழவர் வந்தார். தம்முடைய கிடாயின் கொம்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். கிடாய் கல்லைச் சுற்றிப் போனது. அவரும் சுற்றி வந்தார். கிடாய் நின்றது. அவரும் நின்றார்.

“யாரு? கொழுந்தா?”

“எப்படித் தெரிந்தது தாத்தா?”

“இவன் சொன்னான். ஓலை வாசம் வந்தா இவன் மூக்கைத் தூக்குவான், தின்ன ஏதோ வருதுன்னு.” கிழவர் கிடாயின் முதுகில் தட்டினார். “எட்டு வருஷமாக் கம்பு வச்சிருந்தேன். ஒரு நாளாவது அது எங்கூடப் பேசுச்சா? இவன் பேசுதான். கோயில் வரைக்கும் போயிட்டு வாரேன். கோயிலுக்குப் போயி நாலு வருஷம் ஆச்சுடா.”

“கம்பு கிடைத்தால்?”

“கிடைச்சா அவரைக்குப் பந்தல் போட வச்சுக்கிடுதேன்.” கிழவர் கொம்பை அசைத்தார். கிடாய் நடந்தது. நாலடி போனபின் திரும்பாமலே சொன்னார். “ஏலே கொழுந்து, அடுத்த தடவை எடுக்கையில மூச்சை அடக்கிக்கிட்டு எடு. உன் மூச்சு என் மூஞ்சியில படுது.”

புலவர் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார். கிழவருக்குத் தெரியும். உலகம்மாளுக்கும் தெரியும். அப்படியானால் ஆசாரி விட்ட குறட்டை?

ஆவுடை வீட்டுப் பக்கம் போகவே கால் வரவில்லை. ஆனால் அம்மை ஐந்து வீட்டையும் பார்க்கச் சொன்னாளே.

தூரத்திலேயே உலக்கைச் சத்தம் கேட்டது. புலவர் மதிலோரம் நின்றார். உரல் வாயில், அடி அறுத்த பழைய கூடை ஒன்று கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது. ஒரு மணி தெறிக்கவில்லை. ஆவுடை ஒரு பக்கம், மாடத்தி ஒரு பக்கம். உலக்கை மாறி மாறி விழுந்தது. விழுகிற தாளத்துக்குப் பாடினார்கள். ஒருத்தி ஒரு வரி, மற்றவள் மறு வரி.

*மத்தியானக் கள்ளன் வந்தான்,*
*மத்தைத் தூக்கி மடியில் வச்சான்.*
*கக்கத்திலே செருப்பை வச்சான்,*
*கால் நுனியில் கொக்காய் நின்னான்.*
*உமி பறந்து மூக்கில் ஏற*
*ஒத்தைத் தும்மல் ஊரைக் கூட்ட*
*ஓலை வாசக் கள்ளன் அவன்,*
*ஊஞ்சல் பாட்டைத் தேடி வந்தான்.*

புலவருக்கு முதலில் உறைத்தது அவமானம் இல்லை. மோனை. வரிக்கு வரி மோனை நின்றது. அசை ஒன்று கூடவில்லை, குறையவில்லை. நேற்று மத்தியானம் நடந்தது. இன்று காலையில் பாட்டு.

“யாரு அது, மதிலோரம்?” என்று மாடத்தி எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் உலக்கையைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

ஆவுடை சமாளித்தாள்.

“வாங்க அண்ணாச்சி. உங்க வீட்டுக் கல்யாண நெல்லுதான்.”

“இந்தப் பாட்டு…” புலவர் தொண்டையைச் செருமினார். “இதைக் கட்டியது யார்?”

“எந்தப் பாட்டு?”

“இப்போது பாடினீர்களே.”

“இதா பாட்டு?” ஆவுடை நாத்தனாரைப் பார்த்தாள். “அது சும்மா. உலக்கை கனக்குதுல்லா அண்ணாச்சி, வாய் சும்மா இருந்தா கை வலிக்கும். அவ ஒண்ணு சொன்னா, நான் ஒண்ணு சொன்னேன். கொக்கு மட்டும் ராக்கு சொன்னது.”

“எழுதி வைத்தீர்களா?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாடத்திக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“கல்யாணம் கழிஞ்சு கம்பு குத்தணும் அண்ணாச்சி. அதுக்கு இந்தத் தாளம் ஒத்து வராது. வேற எதையாவது பாடிக்கிட வேண்டியதுதான்.”

“தெரிந்தும் ஏன் யாரும் என்னைப் பிடிக்கவில்லை?”

ஆவுடை சிரிப்பை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“தாயில்லாப் பிள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கீங்க. பாட்டு வரலைன்னு வடிவு சொன்னா. பாட்டு கட்டுறவங்களுக்கு அப்படி ஏதாவது சடங்கு இருக்கும்போலன்னு விட்டுட்டோம். குந்தாணியை எடுத்தா பாட்டு வரும்னா, இந்தக் கூடையையும் எடுத்துக்கிடுங்க.”

புலவர் நந்தவனத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. அம்மை தும்பை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“பார்த்தீரா?”

“பார்த்தேன்.”

“என்ன பார்த்தீர்?”

புலவர் சொன்னார். தொட்டிலில் கட்டிய குடுவை, கூறைச் சேலைக் கயிறு, ஒடுக்கமான பலகை, கிடாயின் கொம்பு. பாட்டைச் சொல்லும்போது மட்டும் தலை குனிந்தது. எட்டு வரியும் ஒரு முறை கேட்டதிலேயே மனப்பாடம் ஆகியிருந்தது.

“நல்ல பாட்டு” என்றாள் அம்மை.

“நல்ல பாட்டுதான்! அதுதானே தாயே! நாற்பது நாள் நான் ஓலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர்கள் வாய் சும்மா இருந்தால் கை வலிக்கும் என்று பாடுகிறார்கள். கேட்டால், பாட்டா, எந்தப் பாட்டு என்கிறார்கள்!”

அம்மை குடிசை மூலையைக் காட்டினாள். மத்து, கயிறு, முழக்கோல், ஊன்றுகோல், குந்தாணி.

“ஐந்தையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். ஆறாவதை நான் கொடுக்க வேண்டும்.”

“ஆறாவதா?”

“ஐந்து வீட்டில் நீர் எடுத்தீர். ஒரு வீட்டில் நான் எடுத்தேன்.”

“நீங்களா? திருடினீர்களா?”

“எதை எடுத்தால் அந்த வீட்டில் வேலை நின்றுபோகும் என்று தோன்றியதோ, அதை.”

“எந்த வீட்டில்?”

“நீர் எடுத்த ஐந்து வீட்டிலும் விடிவதற்குள் வேலை நடந்தது, இல்லையா?”

“நடந்தது.”

“நான் எடுத்த வீட்டில் நாற்பது நாளாக நடக்கவில்லை.”

குளத்தில் மூழ்கியவர்கள் புலவர் கண்ணில் வந்து போனார்கள். கொல்லர் வந்தார். இலையை விட்டு ஓடிய ரசம் வந்தது.

“எங்கே?” என்றார் கடைசியில். அது கெஞ்சல்போலவும் இருந்தது, அதட்டல்போலவும் இருந்தது.

“இன்றைக்கு நீர் கொடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.”

புலவருக்குக் கோபம் வந்தது. ஆனால் நாற்பது நாள் பழக்கம். கை செம்பை எடுத்துவிட்டது. சங்குப்பூக் கொடியின் அடியில் போய் நின்று விருட்டென்று ஊற்றினார். ஊற்றிய வேகத்தில் மண் கரைந்தது. கொடி பிடித்து ஏறுவதற்காக அதன் அருகில் நட்டிருந்த சிறு குச்சியின் அடியில் ஏதோ தெரிந்தது. குனிந்தார். விரலால் மண்ணை விலக்கினார்.

கிளிமூக்கு.

அந்தக் குச்சிதான் எழுத்தாணி. தலைகீழாக நட்டிருந்தது. மேலே நின்ற இரும்பில் துரு ஏறி, பழைய வாழைநார் முடிச்சு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

புலவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஈர மண் வேட்டியில் ஏறியது.

“நாற்பது நாள் இதற்கா நான் தண்ணீர் ஊற்றினேன்?”

“கொடிக்கு ஊற்றினீர். நன்றாக வந்திருக்கிறது.”

புலவர் கொடியைப் பார்த்தார். அன்றுவரை அவர் அதன் அடியைத்தான் பார்த்திருந்தார். முளை விட்டபோது எழுத்தாணியைச் சுற்றியிருந்த தளிர், அதைத் தாண்டி, பக்கத்து நாரத்தைக் கிளையை எட்டிப் பிடித்திருந்தது. நடுவில் எதுவும் தாங்காமல் வில்லாக வளைந்து தொங்கியது. அந்த வளைவில் நீலமாய் முதல் பூ. காற்று வந்தது. பூ முன்னால் போயிற்று. பின்னால் வந்தது.

“பிடித்த கோலை விட்டுவிட்டுப் பிஞ்சுக் கொடி ஆடுதே…” என்றார் புலவர்.

அம்மையிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்தது.

வந்தது என்ன என்று காதில் விழுந்தபோது அவர் உடம்பு சிலிர்த்தது. கை பதறிப்போய் எழுத்தாணியைப் பற்றியது. மண் இறுகியிருந்தது, லேசில் வரவில்லை. கை கிளிமூக்கில் இருந்தது. வாயோ அடுத்த அடிக்குப் போய்விட்டிருந்தது.

அம்மை தும்பையை நாரில் வைத்து முடிந்தாள்.

“வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும், புலவரே. கொடி அதை விட்டு எத்தனையோ நாளாயிற்று.”